கால் விட்டுப்போன தீர்மானம்

உப்பூரணி நகர சேவா சங்கத்துக்கு இன்றைய தேதியில் சொந்தக் கட்டடம் இருக்கிறது, வாசலில் சங்க முத்திரை வைத்த இரும்பு வளைவு இருக்கிறது, சவத்துக்கு ஐஸ் பெட்டி இரண்டும் சக்கர நாற்காலி ஏழும் இருக்கின்றன. ஆனால் இந்தச் சங்கத்துக்கு எதனால் பேர் வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் இதில் எதையும் சொல்லமாட்டார்கள். செத்துப்போன ஓர் உறுப்பினர் மாதம் இரண்டு கூட்டத்துக்கும் தவறாமல் வந்து கையெழுத்துப் போட்டு, இருபத்தொன்பது வருஷம் ஊருக்கு உழைத்த சங்கம் என்றுதான் சொல்வார்கள், அதையும் போன வருஷம் மழை குறைவு என்று சொல்கிற குரலில்தான் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பதினோரு பேர் சேர்ந்து அரிசி மில் மாடியில் ஆரம்பித்தது அது. அந்தப் பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு குலதெய்வம் இருந்தாலும் பொதுவில் ஒரே தெய்வம் இருந்தது, அதன் பேர் விதிமுறை. தண்ணீர்ப்பந்தல் திறக்க ஒரு தீர்மானம், மூட ஒரு தீர்மானம். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லை என்றால் வானமே இடிந்து விழுந்தாலும் அது விழுந்ததாக மினிட் புத்தகத்தில் ஏறாது. சேவா சங்கத்துக்காரன் தும்மினால்கூடப் பக்கத்தில் ஒருத்தன் வழிமொழிய வேண்டும் என்று ஊர் கேலி பேசியது. கேலி பேசிய ஊருக்குத்தான் புயலில் அவர்கள் கஞ்சி ஊற்றினார்கள், அந்தக் கஞ்சிக்கும் தீர்மானம் உண்டு.

ராஜகனியின் வீட்டுக்காரர் தா. பொன்னுலிங்கம் அந்தப் பதினோரு பேரில் ஒருவர். உப்பளத்தில் சூப்பர்வைசர். வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கிற ஒளியில் பாத்திக்காரர்களின் கண்கள் நாற்பது வயதுக்குள் பால் பாய்ந்து போவதைத் தினமும் பார்த்தவர், அதனால் சங்கம் என்றால் அவருக்குக் கண் சிகிச்சை முகாம்தான். முகாம் என்று தண்டோரா போட்டால் மட்டும் யாரும் வந்துவிடமாட்டார்கள், கத்தி வைப்பார்கள் என்று பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள். இவர் வீடு வீடாகப் போய், கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடத்திக் கூட்டிவருவார். ஊர்க்காரர்களிடம் அத்தனை பேசுகிறவர் வீட்டில் வாயைத் திறந்தால் சோறு போடு, சட்டை எங்கே என்ற இரண்டோடு சரி. சங்கத்துக்கு வாக்கப்பட்ட மனுஷனுக்கு என்னையும் சேர்த்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ராஜகனி தன் தாயிடம் ஒருமுறை சொன்னாள். பிள்ளையும் இல்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே போனது.

எழுபத்துநாலு கார்த்திகையில், முகாமுக்கு டாக்டர்களிடம் தேதி வாங்கிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். உப்பூரணி வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டித்தான் தெரிந்துகொண்டார். அவருக்கு முப்பத்தெட்டு, ராஜகனிக்கு முப்பத்தொன்று. உடம்பு வந்தது, சங்கம் வந்தது, மாலை வந்தது, சுடுகாட்டில் எரித்தார்கள், மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது.

அந்த மாதம் நான்காம் சனிக்கிழமைக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வாசிக்கப்பட்டது. தட்டச்சுப் பள்ளிக்கூடம் நடத்திவந்த வேதமாணிக்கம் சார்தான் செயலாளர், தீர்மானங்களை அவரே தன் மெஷினில் அடித்துக்கொண்டு வருவார். அந்த வாரம் மெஷினில் கால் எழுத்தின் விசை சிக்கியிருந்தது. மற்ற இடங்களில் அது எழுந்து விழுந்தது, பேருக்கு முன்னால் மட்டும் எழவில்லை. தா. பொன்னுலிங்கம் என்று அடிக்க வேண்டியது த. பொன்னுலிங்கம் என்று விழுந்துவிட்டது, சார் அதைக் கவனிக்கவில்லை, அடித்திருந்தபடியே வாசித்தார், முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். த. பொன்னுலிங்கம் என்பவர் தவசிமுத்து மகன், சைக்கிள் கடைக்காரர், அதே சங்கத்தில் உறுப்பினர், அன்றைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கோவில்பட்டி போயிருந்தார், உயிரோடும் இருந்தார்.

மார்கழி மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்து டீ வந்த நேரத்தில் தா. பொன்னுலிங்கம் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் சங்க பேட்ஜ். நேரமாகிவிட்டது, மன்னிக்கணும் என்று சொல்லி வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயை மட்டும் வேண்டாம் என்றார். கையெழுத்து அவர் கையெழுத்துதான். அப்போதைய தலைவரான அரிசி மில் முதலாளி விதிமுறைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். உறுப்பினரின் மரணம் தீர்மானம் வழியாகப் பதிவு செய்யப்படும் தேதியிலிருந்து அவரது உறுப்பினர் பதவி முடிவுக்கு வரும் என்று அதில் இருந்தது. பதிவைப் பார்த்தார்கள். அதில் செத்திருந்தது சைக்கிள் கடைக்காரர். தா. பொன்னுலிங்கத்துக்கு மரணம் பதிவாகவில்லை, ஆகவே அவர் வந்தது விதிப்படி சரி.

உடனே திருத்தித் தொலைத்திருக்கலாமே என்று பின்னால் பலரும் கேட்டார்கள். ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவருக்கே இரங்கல் தீர்மானம் போடுவது மரியாதையா என்று தலைவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்துவிட்டார். ஊர் திரும்பிய சைக்கிள் கடைக்காரரோ கோபப்படவே இல்லை. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், தனக்கு மௌனமே அனுசரித்திருக்கிறார்கள், இனி நூறு நிச்சயம் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

முதல் பத்து நாள் ஊர் பயந்தது. விளக்கு வைத்ததும் கதவைச் சாத்தினார்கள், பிள்ளைகளுக்கு வேப்பிலை செருகினார்கள். பத்தாவது நாள் கண் முகாம் வந்தது, பொன்னுலிங்கம் வழக்கம்போல உப்பளத் தெருக்களில் இறங்கி, கையைப் பிடித்து ஒவ்வொருவராக நடத்திக் கூட்டிவந்தார். பார்வையில்லாதவர்களுக்கு அவர் செத்தவரா இருப்பவரா என்பது தெரிய வேண்டியதில்லை, கை மட்டும் மண்பானையைத் தொட்டதுபோல் குளிர்ச்சியாக இருந்தது என்றார்கள். அவர்களுக்குக் கட்டுப் பிரித்தபோது உலகத்தில் முதலில் தெரிந்தது அவர் முகம், அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் அதற்குப் பயப்படவா செய்வார்கள்? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது இந்தக் கடற்கரையில் பிறந்த பேச்சு, அதற்கு இனி நாங்களும் சாட்சி என்று ஊர் பெருமைப்பட்டுக்கொண்டது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டுக்குச் சித்திரை மாதத்தில் சண்டை நடந்தது, அங்கே உட்கார்ந்தால் வேர்க்காது. ரேஷன் கார்டில் அவர் பேரை அடித்தார்கள், உப்பளத்தில் அவர் வேலைக்கு வேறு ஆள் போட்டார்கள், அவர்கள் விதிமுறை வேறு. கூட்டமும் சங்க வேலையும் இல்லாத நாட்களில் அவரை எங்கும் காணமுடியாது. வேலை முடிந்ததும் தெரு முக்கில் திரும்புவார், அதற்கப்புறம் இருக்கமாட்டார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ராஜகனியின் வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. அவளுக்கு நெற்றியை அழித்து, பூவை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது, இப்போது புருஷன் தெருவில் நடமாடுகிறார், இவள் சுமங்கலியா இல்லையா என்று கிழவிகள் கூடிப் பேசி, இரண்டாம் நாலாம் சனிக்கிழமைகளில் மட்டும் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவைச் சொல்ல வந்தவளை ராஜகனி வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆனால் சனிக்கிழமைகளில் அவள் கதவைச் சாத்தவில்லை.

முகாமுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக் கிழவரைக் கூட்டிப்போக அவர் அவள் தெருவுக்கே வந்தார். அவள் குடத்தோடு நடுத்தெருவில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் வழி விடும்மா. இவியளுக்குக் கண்ணு தெரியாது" என்றார்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு அவள் நேராகத் தட்டச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேதமாணிக்கம் சார் மெஷின்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் ஏற்கனவே பதின்மூன்று வருஷத்து மினிட் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருந்தார், அதிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். திரும்பி வந்திருக்கிற பொன்னுலிங்கம் மினிட் புத்தகத்தில் என்ன இருக்கிறாரோ அது மட்டும்தான், அதில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய முகாம்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ராஜகனியின் பேர் ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வொரு முகாமுக்கும் நாற்பது பேருக்கு அவள் சாதம் கிண்டி அனுப்பியதுகூட, உறுப்பினர் தா. பொன்னுலிங்கம் வீட்டிலிருந்து உணவு வந்தது என்றுதான் எழுதியிருந்தது.

தட்டச்சில் ஒரு கால்தானம்மா விட்டுப்போயிற்று, வேணும்னு செய்யலை என்றார் சார், அவர் கண்ணில் நீர் இருந்தது.

"கால் இல்லாத தீர்மானம் எப்படி சார் போய்ச் சேரும்?" என்றாள் ராஜகனி. "அதத் திருத்துங்க. அவியளப் போகவிடுங்க."

திருத்தலாம், ஆனால் உறுப்பினர் ஒருவர்தான் முன்மொழிய முடியும், எழுதுகிற செயலாளர் முன்மொழியவும் கூடாது வழிமொழியவும் கூடாது, மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கத் தயாராக இல்லை, பெண்களுக்கோ உறுப்பினர் பதவி கிடையாது என்று அவர் விதிகளைச் சொன்னார். அப்போது ராஜகனி ஒரு முடிவு செய்தாள். விதி மாறும்வரை இருப்பது, மாறினதும் முதல் ஆளாக உள்ளே போவது, போய்த் தன் வாயால் அவருக்கு விடுதலை கொடுப்பது.

விதி மாறப் பதினைந்து வருஷம் ஆனது. அதற்குள் சங்கம் வளர்ந்து, சொந்தக் கட்டடம் கட்டி, ஜில்லாவில் முதல் பரிசு வாங்கியது. செத்தவர் உழைப்பில் வந்த பரிசு என்று பக்கத்து ஊர்ச் சங்கங்கள் புகார் எழுதிப் பார்த்தன, அவருக்குத்தான் மரணம் பதிவாகவில்லையே என்று பதில் போனது. ராஜகனி பால்வாடியில் ஆயா வேலை பார்த்துத் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டாள். எண்பத்தொன்பதில் பெண்களையும் சேர்க்கலாம் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்த அன்று மாலையே விண்ணப்பத்தோடு போய் நின்றாள்.

முதல் கூட்டத்துக்கு அவள் தீர்மானத்தைத் தன் கையால் எழுதி, நான்காக மடித்து, மணிபர்சில் வைத்துக்கொண்டு போனாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். பொன்னுலிங்கம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா புதுசா? இங்க உக்காருங்க, இந்தப் பக்கந்தான் காத்து வரும்."

முப்பத்தெட்டு வயது மாறாத மனுஷர் நாற்பத்தாறு வயதுக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவார்? அவள் உட்கார்ந்தாள். அவர் கூட்டம் நடக்கும்போதே உப்பளத்துக் கிழவன் ஒருவன் ஆப்பரேஷன் மேஜையிலிருந்து இறங்கி ஓடிய கதையைக் காதோடு சொன்னார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி அவர் பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மணிபர்சைத் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த கூட்டமும் போனது, அதற்கடுத்ததும் போனது, இப்படியே பதினாலு வருஷம் போனது. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், முகாம் நாட்களில் அவரோடு தெருத்தெருவாக நடந்தாள். நடக்கும்போது அவர் சீட்டியடிப்பார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தப் பாத்திக்காரனுக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு எதைச் சொன்னால் பயம் தெளியும் என்று அவர் அறிந்துவைத்திருந்ததைப் பார்த்து, இப்படிப்பட்ட ஆளோடா நான் குடித்தனம் செய்தேன் என்று மலைத்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்ல வெட்கம் என்ன இருக்கிறது. வெட்கம் வேறொன்றில் இருந்தது. போகவிடுகிறேன் என்று உள்ளே வந்தவள் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள், ஊரும் அதைத்தான் செய்தது, ஊருக்காவது கண் கிடைத்தது.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்கும் கண்ணில் புரை விழுந்தது. கூட்டத்தில் அவர் முகம் புகைக்கு அந்தப் பக்கம் இருந்ததுபோல் தெரிந்தது. முகாம் நாளில் வாசலில் காலடி கேட்டது, சீட்டியும் கேட்டது, குளிர்ந்த கை ஒன்று அவள் கையைப் பிடித்தது.

"ஆச்சி, பயப்படாதிய. கையப் புடிச்சுக்கிடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அறுபது வயது ராஜகனி கட்டின புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்த் தெருவில் முதன்முதலாக நடந்தாள், அவர் கூப்பிட்ட பேர் நெஞ்சில் கிடந்து அறுத்தது. இன்னும் பத்து வருஷம் போனால் இவர் நம்மையே தூக்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் வைப்பார், வைத்துவிட்டு வந்து சனிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவார், அதற்கப்புறம் இவரைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நடையில்தான் உறைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தார்கள். எல்லோருக்கும்போல அவளுக்கும் முதலில் தெரிந்தது அவர் முகம். மற்றவர்கள் தங்களுக்குக் கண் தெரிந்த குதூகலத்தில் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள். அவள் அப்படிப் போகவில்லை, உற்றுப் பார்த்தாள். பேட்ஜில் எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே, நாள் முழுக்க நின்றவனுக்கு இருக்கிற களைப்பு இருந்தது, ஒரு நாள் களைப்பில்லை, இருபத்தொன்பது வருஷக் களைப்பு.

"அய்யா, உமக்கு வீட்டுக்குப் போகணும்னு தோணவே செய்யாதா?" என்று கேட்டாள்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"தோணும், ஆச்சி. வேல முடிஞ்சதும் தெரு முக்கு வரைக்கும் போறேன். அதுக்கு மேல எங்க போகணும்னு தெரியல. யாரும் சொல்லல."

அடுத்த சனிக்கிழமை ராஜகனி கறுப்புக் கண்ணாடியோடு கூட்டத்துக்குப் போனாள். நிகழ்ச்சி நிரல் முடிந்ததும் எழுந்து, பதினாலு வருஷமாக மடித்துவைத்துப் பழுத்துப்போன காகிதத்தைப் பிரித்து வாசித்தாள். உறுப்பினர் தா. பொன்னுலிங்கம் அவர்களின் மறைவுக்கு இச்சங்கம் தன் ஆழ்ந்த இரங்கலைப் பதிவு செய்கிறது. அவ்வளவுதான் அதில் இருந்தது. பக்கத்து நாற்காலியை அவள் பார்க்கவில்லை.

தலைவர் மருந்துக்கடை ஹாஜா கெட்ட மனுஷர் இல்லை, அவருடைய உம்மாவே அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு முகாமுக்குப் போனவர்தான். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, தை மாசம் முன்னூறு பேரு காத்துக்கிட்டு இருக்காவ. இவியள அனுப்பிட்டு நாம என்ன செய்ய?" என்றார்.

"நாம நடப்போம் தம்பி. அவிய நடந்தது போதும்."

ஹாஜா விதிப்படி கேட்டார், வழிமொழிகிறவர் உண்டா என்று. நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் அவர் கூட்டிப்போய்க் கண் பெற்றவர்கள் இருந்தார்கள், நன்றிகெட்டு எப்படிப் போ என்பது என்று அவர்களுக்கு. இரண்டாம் முறை கேட்டார். வேதமாணிக்கம் சாருக்கு எண்பது வயது, எழுதுகிறவர் வழிமொழியக் கூடாது. மூன்றாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் ஆளில்லை என்றால் தீர்மானம் விழுந்துவிடும், விழுந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ராஜகனிக்குப் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

தா. பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முன்மொழிந்தவரின் பேரைச் சொல்லித்தான் வழிமொழிய வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம்.

"உறுப்பினர் ராஜகனி கொண்டுவந்த தீர்மானத்த நான் வழிமொழியுதேன்" என்றார்.

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்தா, ஏளா என்பதைத் தவிர அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் வாயிலிருந்து தன் பேர் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு அறுபது வயதில் தெரிந்தது. பேரைச் சொன்னபிறகும் அவர் உட்காரவில்லை, அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்கப்போகிறவர்போல் நின்றார், அதற்குள் தலைவர் எல்லோரையும் எழச் சொல்லிவிட்டார். எழுந்தார்கள். தலை குனிந்தார்கள். அவரும் குனிந்தார், தனக்கான நிமிடத்தில் தானும் ஒருவராக, அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில்.

ராஜகனியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். எழுபத்துநாலில் உடம்பு கூடத்தில் கிடந்தபோது அவள் நெஞ்சிலடித்து அழ ஆரம்பித்திருந்தாள், அப்போது சங்கத்து ஆட்கள் மாலையோடு வந்து, இரங்கல் உரை வாசிக்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவளும் நிறுத்தினாள். நிறுத்தினதை மறுபடி எடுக்குமுன் அவர் திரும்பி வந்துவிட்டார், தெருவில் நடக்கிற ஆளுக்கு எப்படி அழுவது? அது உள்ளேயே கிடந்தது. இப்போது பக்கத்திலிருந்த குளிர்ச்சி மெல்லக் குறைந்து, அந்த இடத்தில் மின்விசிறியின் வெறுங்காற்று வந்தபோது, அது வெளியே வந்தது.

என் ராசாவே என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றிருந்த டீக்காரர் தட்டைக் கீழே வைத்தார். மௌன நிமிடத்தில் சத்தம் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. ஹாஜா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, தலையை விரித்து, அவர் கூட்டிவந்த முகாம்களையெல்லாம் வருஷம் வருஷமாகச் சொல்லி, தான் கிண்டின சோற்றைச் சொல்லி, தங்கச்சி என்றதைச் சொல்லி, அக்கா என்றதைச் சொல்லி, ஆச்சி என்றதைச் சொல்லி அழுதாள். நாற்பத்திரண்டு பேரும் நின்றார்கள். மூட்டுவலிக்காரர்களும் நின்றார்கள், பேனாவை மூடி வைத்துவிட்டு வேதமாணிக்கம் சாரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது.

அன்றைய மினிட் புத்தகம் இப்போதும் சங்கத்து அலமாரியில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். முன்மொழிந்தவர் ராஜகனி, வழிமொழிந்தவர் தா. பொன்னுலிங்கம் என்று அடுத்தடுத்து இருக்கிறது. அதற்குக் கீழே வேதமாணிக்கம் சார், ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்பட்டது என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, இப்படி எழுதியிருக்கிறார்: உறுப்பினர் ராஜகனி அழுது முடிக்கும்வரை அனைவரும் எழுந்து நின்றோம்.